காடைக் குஞ்சின் முதல் பத்து நாட்கள்

(அங்கத்தினர் கல்விப் பாடம்)

தறியில் வேலை குறையும் மாதங்களிலும், மழை பொய்த்து நிலம் தரிசாய்க் கிடக்கும் காலத்திலும் குடும்பத்திற்குக் கைகொடுக்க ஓர் உபதொழில் வேண்டும் என்பது நம் அங்கத்தினர் யாவரும் உணர்ந்த விஷயம். ஆடு, மாடு, கோழி என்ற வரிசையில் இப்பொழுது காடையும் சேர்ந்துள்ளது. காடைக்குச் சிறிய இடமே போதும். ஐந்து வாரங்களில் பறவை விற்பனைக்கு ஆயத்தமாகும். ஆறு அல்லது ஏழு வாரங்களில் பெட்டை முட்டையிடத் தொடங்கும். போட்ட பணம் விரைவில் திரும்பும் என்பதால், காடை வளர்க்கக் கடன் கேட்டு எழுதுவோரும் இருக்கின்றனர்.

ஆனால் ஒன்றை முன்கூட்டியே கூறிவிடுதல் என் கடமை. கடன் பெற்றுக் குஞ்சு வாங்கியவர் தவணை கட்டத் தவறுவதற்குச் சந்தை விலையைக் காரணம் காட்டுவதே வழக்கம். கணக்கைப் புரட்டிப் பார்த்தால், சந்தைக்குப் போக வேண்டிய பறவைகளில் ஒரு பங்கு முதல் பத்து நாட்களிலேயே மடிந்திருப்பது தெரியவரும். நாற்றங்காலில் கெட்ட பயிரை நடவில் தேற்ற முடியாது என்பதை விவசாயி அறிவார். பாவில் அறுந்த இழையை அப்பொழுதே முடிந்துவிட வேண்டும் என்பதை நெசவாளர் அறிவார். காடை வளர்ப்பிலும் அத்தகைய இடம் ஒன்று உண்டு. அதுவே முதல் பத்து நாட்கள். இப்பாடம் அந்நாட்களைப் பற்றியது.

1. நாம் வளர்க்கும் காடை எது?

நாம் வளர்ப்பது ஜப்பானியக் காடை. இது இந்தியாவிற்கு 1974ஆம் ஆண்டில் கொண்டுவரப்பட்டது. உத்தரப் பிரதேசத்தில் பரேலியை அடுத்த இஜத்நகரில் ஆராய்ச்சிக்கும் பெருக்கத்திற்கும் உட்படுத்தப்பட்டது. தமிழ்நாட்டில் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த நிலையங்கள் நந்தனம் காடை, நாமக்கல் காடை என்னும் இனங்களை உருவாக்கியுள்ளன. வயல்களிலும் புதர்களிலும் திரியும் காட்டுக் காடை வேறு. அதைப் பிடிப்பதும் விற்பதும் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். ஆகவே குஞ்சுகளைக் குஞ்சு பொரிப்பகத்திலிருந்து மட்டுமே வாங்கி, ரசீதையும் பத்திரப்படுத்துதல் வேண்டும்.

2. தாயில்லாக் குஞ்சு

கோழி மிதித்துக் குஞ்சு சாகாது என்பது நம் நாட்டுப் பழமொழி. தாய்க்கோழியின் சிறகடியில் சூடு உண்டு. இரையைக் கொத்திக் காட்டும் அலகு உண்டு. ஆபத்தில் கூப்பிடும் குரல் உண்டு. வளர்ப்புக் காடையோ பல தலைமுறைகளாகப் பொரிப்பு யந்திரத்தில் பிறந்து வந்ததால் அடைகாக்கும் இயல்பைப் பெரும்பாலும் இழந்துவிட்டது. முட்டை 17 அல்லது 18 நாட்களில் யந்திரத்தில் பொரிகிறது. வெளிவரும் குஞ்சின் எடை ஏழெட்டு கிராம். ஒரு கட்டைவிரல் அளவே இருக்கும். அதற்குத் தாய் இல்லை. ஒன்றையொன்று மிதித்து மடியும் இக்குஞ்சுகளுக்குத் தாய் செய்ய வேண்டிய காரியங்களை எல்லாம் வளர்ப்பவரே செய்தாக வேண்டும்.

அக்காரியங்கள் நான்கு: சூடு தருதல், தண்ணீர் காட்டுதல், தீவனம் காட்டுதல், காலுக்குப் பிடிப்பான தரை தருதல். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் மற்ற மூன்றும் பயன்படாமற் போகும்.

3. குஞ்சு வருவதற்கு முன்

குஞ்சு வந்தபின் விளக்குக் கட்டுவது, விருந்தினர் வந்தபின் நெல் குத்துவது போன்றது. குஞ்சு வருவதற்கு இரண்டு நாள் முன்னதாகவே அறையைக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, உலரவிட வேண்டும். வரும் நாளன்று சில மணி நேரம் முன்பே விளக்கை ஏற்றித் தரை சூடேறும்படி செய்ய வேண்டும்.

ஒரு குஞ்சுக்கு முதல் மூன்று வாரங்களில் ஏறத்தாழ 150 சதுர சென்டிமீட்டர் இடம் வேண்டும். அதில் பாதி விளக்கின் கீழும், மறுபாதி நடமாட்டத்திற்கும் ஆகும். நூறு குஞ்சுகளுக்கு நாலரை அடி குறுக்களவுள்ள வட்டம் போதும். மூங்கில் தட்டியையோ, தடித்த அட்டையையோ ஒன்றரை அடி உயரத்திற்கு வளைத்து நிறுத்தலாம். வட்டமாக அமைப்பதற்குக் காரணம் உண்டு. மூலை இருந்தால் குளிரிலும் அச்சத்திலும் குஞ்சுகள் அங்கே ஒன்றன்மேல் ஒன்றாய்க் குவியும். அடியில் அகப்பட்டவை மூச்சுத் திணறி மடியும். தட்டியின் இடுக்குகள் விரல் நுழையாதபடி இருத்தல் வேண்டும். விரல் நுழையும் இடத்தில் காடைக் குஞ்சும் நுழைந்துவிடும். ஒரு வாரத்திற்குப் பின் அவை துள்ளிப் பறக்க முயலுமாதலால் மேலே வலை இடுவது நலம். எலி, பூனை, பாம்பு ஆகியவற்றிற்கு வழியில்லாதபடி அறையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். எறும்பும் சிறு குஞ்சுக்கு எமன். சிந்திய தீவனத்தைக் கூட்டிவிட வேண்டும்.

நெசவாளர் வீடுகளுக்கு ஓர் எச்சரிக்கை. நூல், பாவு, தார் முதலியன உள்ள அறையில் குஞ்சு விளக்கை வைக்கலாகாது. சூடேறிய விளக்கின்மேல் பஞ்சுத் தூசி படிந்தால் நெருப்புப் பற்றும். நஷ்டம் குஞ்சோடு நில்லாது.

குஞ்சுகளைக் கொண்டுவருவது அதிகாலையிலோ, வெயில் தாழ்ந்த பிறகோ இருக்கட்டும். காற்றுத் துளையுள்ள பெட்டியில், நேரடிக் காற்றும் வெயிலும் படாமல் கொண்டுவருதல் அவசியம்.

4. உஷ்ணம்

அண்டாவிலுள்ள வெந்நீர் நெடுநேரம் சூடாயிருக்கும். அதையே சிறு கிண்ணத்தில் மொண்டு வைத்தால் விரைவில் ஆறிவிடும். உடல் சிறுத்த அளவிற்குச் சூடு விரைவாக வெளியேறுகிறது. கோழிக் குஞ்சைவிடக் காடைக் குஞ்சுக்குக் கூடுதல் பாதுகாப்பு வேண்டியதன் காரணம் இதுவே. தன் உடற்சூட்டைத் தானே காத்துக்கொள்ளும் ஆற்றல் அதற்கு இரண்டு மூன்று வாரங்கள் வரை முழுமையாக வருவதில்லை.

முதல் வாரத்தில் குஞ்சு நிற்கும் மட்டத்தில் 35 முதல் 37 டிகிரி செல்சியஸ் வெப்பம் இருக்க வேண்டும். பின்னர் வாரத்திற்கு 3 டிகிரி வீதம் குறைத்துக்கொண்டே வந்து, நான்காம் வாரத்தில் செயற்கைச் சூட்டை நிறுத்திவிடலாம். கோடைப் பகலில் விளக்கு வேண்டாதிருக்கலாம். அதே நாளின் பின்னிரவில் வேண்டியிருக்கும். மார்கழி, தை மாதங்களில் இரவும் பகலும் கவனம் தேவை.

இங்கே ஒன்றைக் குறிப்பிட வேண்டும். இன்று வீடுகளில் உள்ளவை பெரும்பாலும் எல்.இ.டி. விளக்குகளே. அவை வெளிச்சம் தரும். குஞ்சுக்குப் போதிய சூடு தரமாட்டா. பழைய குண்டு பல்போ, குஞ்சு வளர்ப்புக்கென விற்கும் வெப்ப விளக்கோதான் பயன்படும். ஒரே பெரிய விளக்கைவிட இரண்டு சிறு விளக்குகள் நல்லவை. ஒன்று பழுதானாலும் மற்றது காக்கும். விளக்கை உறுதியாகத் தொங்கவிட்டு, உயர்த்தியும் தாழ்த்தியும் சூட்டைச் சரிசெய்யலாம்.

வெப்பமானி ஒன்று வாங்கிக் குஞ்சின் மட்டத்தில் வைப்பது அவசியம். அதனினும் நம்பத்தக்க சாட்சி குஞ்சுகளே. விளக்கின் கீழ் நெருக்கியடித்துக்கொண்டு உரக்கக் கத்தினால் குளிர் என்று பொருள். விளக்கைவிட்டு விலகி, தட்டியோரம் நின்று, அலகைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு மிகுதி. ஒரே பக்கமாக ஒதுங்கினால் எதிர்ப்பக்கத்திலிருந்து காற்று வீசுகிறது. வட்டம் முழுதும் பரவி, சில தின்றுகொண்டும், சில உறங்கிக்கொண்டும், மெல்லக் கீச்சிட்டுக்கொண்டும் இருந்தால் யாவும் சரி. இந்நான்கு அடையாளங்களையும் வீட்டிலுள்ள பெண்களும் பிள்ளைகளும் அறிந்திருக்க வேண்டும்.

முதல் இரண்டு வாரங்களில் இரவிலும் வெளிச்சம் இருத்தல் நலம். திடீரென இருண்டால் குஞ்சுகள் அஞ்சிக் குவியும். மின்சாரம் தடைப்பட்டால் வெந்நீர் நிரப்பிய புட்டிகளைச் சாக்கில் சுற்றி வட்டத்தினுள் வைத்து, மேலே பாதியளவு துணி போர்த்தலாம். மூடிய அறையில் கரிச்சட்டி வைப்பது பெரும் ஆபத்து. அதிலிருந்து எழும் நச்சுவாயு கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாது. குஞ்சையும் கொல்லும், அருகில் உறங்கும் மனிதரையும் கொல்லும்.

5. தண்ணீர்

பொரிந்த குஞ்சின் வயிற்றில் முட்டையின் மஞ்சட்கரு சிறிது எஞ்சியிருக்கும். அது ஒரு நாள், மிஞ்சினால் சிறிது கூடுதலாகத் தாங்கும். ஆகவே குஞ்சு வந்தவுடன் முதலில் தண்ணீரும், சற்று நேரத்தில் தீவனமும் தரப்பட வேண்டும். வழிப்பயணத்தில் களைத்த குஞ்சுகளுக்கு முதல் சில மணி நேரம் தண்ணீரில் சிறிது குளுக்கோஸ் கலந்து கொடுக்கலாம். ஐந்தாறு குஞ்சுகளை எடுத்து அலகின் நுனியை மட்டும் நீரில் தோய்த்துவிட்டால், அவற்றைப் பார்த்து மற்றவையும் குடிக்கக் கற்கும்.

தண்ணீரின்றி மடியும் குஞ்சுகள் உண்டு. தண்ணீரிலேயே மடியும் குஞ்சுகளும் உண்டு. அரை அங்குல ஆழமுள்ள தட்டும் காடைக் குஞ்சுக்குக் கிணறுதான். உள்ளே விழுந்தால் மூழ்கும். மூழ்காவிடினும் நனைந்த உடல் குளிர்ந்து சிறிது நேரத்தில் உயிர் போகும். தட்டு நிறையக் கூழாங்கற்களையோ கோலிக் குண்டுகளையோ பரப்பி, அவற்றின் இடுக்கில் மட்டும் நீர் நிற்கும்படி செய்தால் இச்சாவு அறவே நின்றுவிடும். செலவு ஏதுமில்லை. கற்களையும் தட்டையும் நாள்தோறும் கழுவ வேண்டும். இரவில் சில்லிட்ட பானைத் தண்ணீரை அப்படியே வைத்தலாகாது.

நனைந்த குஞ்சைக் கண்டால் உலர்ந்த மெல்லிய துணியால் ஒற்றியெடுத்து, தனிப் பெட்டியில் சூட்டில் வைத்து, உலர்ந்த பின்னரே கூட்டத்தில் விட வேண்டும்.

6. தீவனம்

காடைக் குஞ்சு ஐந்து வாரங்களில் தன் பிறந்த எடையைப்போல் ஏறத்தாழ இருபது மடங்கு வளர்கிறது. அவ்வளவு விரைந்த வளர்ச்சிக்குப் புரதம் மிகுதியாக வேண்டும். முதல் மூன்று வாரங்களில் தீவனத்தில் நூற்றுக்கு 24 முதல் 27 பங்கு வரை புரதம் இருப்பது நல்லது. வீட்டிலுள்ள அரிசி நொய்யையும் கம்பையும் மட்டும் போட்டு வளர்க்க முற்படுவோர் உண்டு. அவற்றில் புரதம் இதில் பாதியளவும் இராது. அவ்வாறு வளர்ந்த குஞ்சு நலிந்து, இறகு சரிவர முளைக்காமல், சூட்டுக்கும் குளிருக்கும் எளிதில் இரையாகும். காடைக் குஞ்சுத் தீவனம் கிடைக்காத இடத்தில் இறைச்சிக்கோழிக் குஞ்சின் தொடக்கத் தீவனத்தை வாங்கி, மாவாக அரைத்துக் கொடுக்கலாம். முட்டையிடும் கோழிக்கான தீவனத்தை மட்டும் கொடுத்தலாகாது. அதிலுள்ள மிகுதியான சுண்ணாம்புச் சத்து குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

காடைக் குஞ்சின் அலகு மிகச் சிறியது. தீவனம் ரவையினும் நுண்ணியதாய் இருக்க வேண்டும். முதல் நாளில் தாழ்ந்த தட்டுகளில் பரப்பி, விரல் நுனியால் தட்டித் தட்டிக் காட்டினால் குஞ்சுகள் ஓடிவந்து கொத்தும். தாய்க்கோழி செய்வதும் இதுவே. பூசணம் பிடித்த கடலைப் பிண்ணாக்கு எவ்வளவு மலிவாய்க் கிடைப்பினும் வேண்டாம். அதிலுண்டாகும் நஞ்சு ஈரலைத் தாக்கும்.

7. காலுக்குப் பிடிப்பு

வழவழப்பான செய்தித்தாளின்மேல் நிற்கும் குஞ்சின் கால்கள் இரு பக்கமும் சறுக்கி விரிந்துபோகும். அவ்வாறு இரண்டொரு நாள் கழிந்தால் கால் முடமாகித் தண்ணீருக்கும் தீவனத்திற்கும் நடந்து செல்ல இயலாமல் குஞ்சு மடியும். முதல் நாலைந்து நாட்களுக்குச் சுத்தமான சாக்கையோ, முரட்டுத் துணியையோ விரித்து, நாள்தோறும் மாற்றுதல் நல்லது. அதன்பின் உலர்ந்த நெல் உமியை இரண்டு அங்குலம் பரப்பலாம். மரத்தூளைக் குஞ்சுகள் தீவனமென்று எண்ணித் தின்னும். ஈரமும் பூசணமும் ஏறிய உமி நுரையீரல் நோயை உண்டாக்கும்.

தறிக் கழிவு நூலைப் பரப்பினால் மெத்தென்று இருக்குமே என்று நெசவாளருக்குத் தோன்றுவது இயல்பு. ஒரு நெசவாளர் வீட்டில் அவ்வாறு பரப்பியிருந்ததை நான் கண்டேன். குஞ்சுகளின் விரல்களில் இழை சுற்றி இறுகி, சிலவற்றிற்குக் கால் வீங்கியிருந்தது. ஒன்றின் கழுத்திலேயே இழை சுருக்கிட்டிருந்தது. துணி விரிப்பதாயினும் ஓரம் மடித்துத் தைத்ததாய், குஞ்சமும் பிரிந்த இழையும் இல்லாததாய் இருத்தல் வேண்டும்.

8. சாவுக் கணக்கு

குஞ்சு செத்தால் அதை எடுத்தெறிந்துவிட்டு மறந்துவிடுவது நம்மவர் வழக்கம். இதுவே பெரும் நஷ்டத்திற்குக் காரணம். ஒரு நோட்டில் தேதி, காலை இருப்பு, செத்தவை, காரணம், மாலை இருப்பு என ஐந்து பத்திகள் போட்டு நாள்தோறும் எழுதி வர வேண்டும். காரணம் என்ற பத்தியில் மிதிபட்டது, நீரில் மூழ்கியது, குளிர், கால் முடம், எலி, பிறவி நலிவு, தெரியவில்லை என்று ஏதேனும் ஒன்றை எழுதினால் போதும். இரண்டு நாளில் ஒரே காரணம் மூன்று முறை வந்தால் எதைத் திருத்த வேண்டும் என்பது தானே விளங்கும்.

எடுத்துக்காட்டாக, ஓர் அங்கத்தினர் 500 குஞ்சுகள் வாங்கி அவற்றில் 100 மடிந்ததாகக் கொள்வோம். நூற்றுக்கு இருபதுதானே நஷ்டம் என்று அவர் எண்ணக்கூடும். 500 குஞ்சுகளின் விலையை இப்பொழுது 400 பறவைகள் சுமக்கின்றன. ஒவ்வொன்றின் குஞ்சு விலையும் கால் பங்கு ஏறிவிட்டது. விளக்குச் செலவும் கடன் வட்டியும் அவ்வாறே ஏறும். சந்தையில் வாங்குபவர் அதற்காகக் காலணாவும் கூட்டித் தரமாட்டார்.

செத்த குஞ்சுகளை உடனே அப்புறப்படுத்தி, குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைக்க வேண்டும். ஒரே நாளில் பல மடிந்தால், அவற்றில் இரண்டொன்றை எடுத்துக்கொண்டு தாமதமின்றி அரசு கால்நடை மருத்துவரை நாட வேண்டும். கடைக்காரர் சொல்லும் மருந்துகளைத் தாமாகவே தண்ணீரில் கலப்பது தவறு. குஞ்சுகளைத் தொட்டபின் பெரியவரும் சிறுவரும் சோப்பிட்டுக் கை கழுவுதல் கட்டாயம்.

9. சங்கம் செய்யத்தக்கது

மேற்கூறியவற்றைப் படிக்கும் அங்கத்தினர் ஒருவர், "பகலெல்லாம் தறியில் இருப்பவன் இரவெல்லாம் குஞ்சுக்கு விழித்திருப்பது எங்ஙனம்?" என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. நான்கு மணி நேரத்திற்கு ஒரு முறையேனும் இரவில் எழுந்து பார்க்க ஆளில்லாத வீட்டில் ஒரு நாட் குஞ்சை வாங்கலாகாது.

இதற்குக் கூட்டுறவு முறையில் வழி உண்டு. நீர்ப் பற்றாக்குறையான காலத்தில் பலர் சேர்ந்து ஒரே இடத்தில் சமுதாய நாற்றங்கால் விட்டு, பின்னர் நாற்றைப் பங்கிட்டுக்கொள்வதை விவசாயிகள் அறிவர். அதுபோலவே, காடை வளர்க்க விரும்பும் பத்து அங்கத்தினர் சேர்ந்து ஒரே நாளில் குஞ்சு வாங்கி, முதல் இரண்டு வாரங்களுக்கு ஒரே அறையில் வைத்து, முறை போட்டு இரவுக் காவல் இருந்து, பிறகு பங்கிட்டு எடுத்துச் செல்லலாம். ஒவ்வொருவருக்கும் பல நாட்களுக்கு ஓர் இரவே விழிப்பு. வெப்பமானியும், மாற்று விளக்கும், மின்தடைக்கான ஏற்பாடும் பத்து வீட்டிற்குப் பதிலாக ஓரிடத்தில் போதும். சாவு நஷ்டத்தையும் பங்கின்படி யாவரும் ஏற்பர்.

இதில் உள்ள ஆபத்தையும் மறைத்தலாகாது. ஓரிடத்தில் நோய் புகுந்தால் பத்து வீட்டுக் குஞ்சுக்கும் பரவும். ஆகவே ஒரு தொகுதி முழுதும் வெளியேறி, அறை கழுவிச் சுண்ணாம்படித்து இரண்டு வாரம் காலியாய்க் கிடந்த பின்னரே அடுத்த தொகுதியை உள்ளே விட வேண்டும். வெவ்வேறு வயதுக் குஞ்சுகளையும், வீட்டுக் கோழிகளையும் அவற்றோடு சேர்க்கலாகாது. முறை வரும் நாளில் வராதவருக்கு என்ன செய்வது என்பதை முதலிலேயே தீர்மானமாக எழுதிக் கையொப்பம் பெற வேண்டும். எழுதாத ஒப்பந்தம் முதல் மழையிலேயே கரைந்துவிடும்.

நிர்வாகக் குழுவினருக்கு ஒரு யோசனை. புதிதாய்த் தொடங்குவோருக்கு முதலில் நூறு குஞ்சுகளுக்கு மட்டும் கடன் வழங்குங்கள். முதல் தொகுதியின் சாவுக் கணக்கு நோட்டைப் பார்த்த பின்னரே அடுத்த கடனைத் தீர்மானியுங்கள். ஈட்டுப் பத்திரத்தைவிட அந்நோட்டு மனிதரின் கவனத்தை நன்கு காட்டும்.

பாடச் சுருக்கம்

சூடு, தண்ணீர், தீவனம், பிடிப்பான தரை ஆகிய நான்கும் தாயின் காரியங்கள். முதல் வாரம் 35 முதல் 37 டிகிரி. பின்னர் வாரம் 3 டிகிரி குறைவு. நீர்த் தட்டில் கூழாங்கல். நுண்ணிய, புரதம் மிக்க தீவனம். சாக்கு விரிப்பு, கழிவு நூல் ஆகாது. நாள்தோறும் சாவுக் கணக்கு. இரவில் விழிக்க ஆளில்லையேல் கூட்டாக வளர்த்தல்.

சங்கக் கூட்டத்தில் விவாதிக்க வினாக்கள்

1. குஞ்சுகள் ஒரே பக்கமாக ஒதுங்கி நின்றால் காரணம் யாது? உடனே செய்ய வேண்டியது என்ன?

2. நமது ஊரில் மின்சாரம் பெரும்பாலும் எந்நேரத்தில் தடைப்படுகிறது? அந்நேரத்தில் சூடு தர ஒவ்வொரு வீட்டிலும் என்ன வசதி உண்டு?

3. 200 குஞ்சுகள் வாங்கியவரிடம் 150 எஞ்சின. ஒவ்வொரு பறவையின் குஞ்சு விலையும் என்ன பங்கு ஏறியது?

4. கூட்டாகக் குஞ்சு வளர்க்க நம் சங்கத்தில் எத்தனை பேர் முன்வருவர்? இரவு முறையை எவ்வாறு பங்கிடுவது? தவறியவருக்கு என்ன விதி?

5. உங்கள் வீட்டில் இரவில் எழுந்து குஞ்சைப் பார்ப்பவர் யார்? குஞ்சு வாங்கும் முன் அவருடைய சம்மதத்தைக் கேட்டீர்களா?